தானே புதுப்பிக்கும் சான்றிதழ்: காவலுக்கு யார்?

தேர்வு முடிவு பார்ப்பதற்காகவோ மின்கட்டணம் செலுத்துவதற்காகவோ ஓர் இணையதளத்தைத் திறக்கிறீர்கள். எதிர்பார்த்த பக்கம் வரவில்லை. அதற்குப் பதிலாக, உங்கள் இணைப்பு பாதுகாப்பானதன்று என்னும் எச்சரிக்கை திரையில் தோன்றுகிறது. திருடன் எவனோ புகுந்துவிட்டான் என்று அஞ்சுகிறீர்கள். ஆனால் பல வேளைகளில் திருடன் எவனும் இல்லை. அந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்குக் குறித்த கெடு முடிந்துபோயிருக்கும். அதைப் புதுப்பிக்க வேண்டியவர் மறந்திருப்பார். அவ்வளவே.

இந்த மறதியைப் போக்குவதற்காக, புதுப்பிக்கும் வேலையை இயந்திரத்திடமே ஒப்படைக்கும் முறை கடந்த பத்தாண்டுகளில் உலகெங்கும் பரவியுள்ளது. வரும் சில ஆண்டுகளில் அது ஏறத்தாழக் கட்டாயமே ஆகிவிடும். இம்முறை எந்த அளவுக்கு வெற்றி பெற்றுள்ளது, எங்கே குறைபட்டு நிற்கிறது என்பதை இங்குச் சீர்தூக்கிப் பார்ப்போம். இது கணிப்பொறி வல்லுநருக்கு மட்டும் உரிய செய்தி என்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கும் மருத்துவமனைச் சீட்டும் இந்தச் சான்றிதழின் காவலில்தான் இருக்கின்றன.

முத்திரையிட்ட எடைக்கல்

மளிகைக் கடையிலுள்ள இரும்பு எடைக்கல்லைப் புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அதன் அடியில் ஈயத்தில் பதித்த ஒரு முத்திரை இருக்கும். அரசு அலுவலர் சோதித்து, எடை சரி என்று கண்டு இட்ட முத்திரை அது. கல் தேயக்கூடும், ஆதலால் குறித்த காலத்துக்கு ஒருமுறை மறுபடியும் சோதித்து முத்திரை இடவேண்டும்.

இணையதளத்தின் சான்றிதழும் இத்தகையதே. ஒவ்வொரு தளத்துக்கும் இரண்டு திறவுகோல்கள் உண்டு. ஒன்று தனித் திறவுகோல். இது தளத்தின் கணிப்பொறிக்குள் இரகசியமாக இருக்கும். மற்றொன்று பொதுத் திறவுகோல். இதை எவருக்கும் தரலாம். தனித் திறவுகோலால் இட்ட கையொப்பத்தைப் பொதுத் திறவுகோலால் சரிபார்க்கலாம். ஆனால் பொதுத் திறவுகோலை மட்டும் வைத்துக்கொண்டு அதே கையொப்பத்தைப் போலியாக இட முடியாது.

இந்தப் பொதுத் திறவுகோல் இன்ன பெயருள்ள தளத்துக்கே உரியது என்று ஒரு மூன்றாம் நிறுவனம் கையொப்பமிட்டுத் தரும் தாளே சான்றிதழ். நம்பத்தக்க நிறுவனங்களின் பட்டியல் உங்கள் பிரவுசரிலேயே உள்ளது. தளத்தைத் திறந்தவுடன் அது பெயரையும் கையொப்பத்தையும் தேதியையும் சரிபார்க்கும். மூன்றில் ஒன்று பிசகினாலும் எச்சரிக்கை எழும்.

இங்கு ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். எடைக்கல்லின் முத்திரை, கல் சரியானது என்று மட்டுமே சொல்லும். கடைக்காரர் நேர்மையானவர் என்று சொல்லாது. சான்றிதழும் அப்படித்தான். ஏமாற்றுக்காரன் தன் சொந்தப் பெயரில் ஒரு தளம் அமைத்தால், அந்தப் பெயருக்கு அவனுக்கும் சான்றிதழ் கிடைக்கும்.

கெடு எதற்கு?

ஒருமுறை தந்த சான்றிதழ் என்றென்றும் செல்லும் என்று வைத்தால் என்ன? இரண்டு இடையூறுகள் உண்டு. முதலாவது, தளத்தின் பெயர் கைமாறலாம். பழைய உரிமையாளரிடம் பழைய சான்றிதழ் தங்கிவிடும். இரண்டாவது, தனித் திறவுகோல் களவு போகலாம். 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்னும் மென்பொருள் குறையால் உலகெங்கும் எண்ணற்ற தளங்களின் தனித் திறவுகோல்கள் வெளியே கசியும் நிலை ஏற்பட்டது. கசிந்த திறவுகோலுக்குரிய சான்றிதழை இரத்துச் செய்வதற்கு முறைகள் உண்டு. ஆனால் இரத்துச் செய்த செய்தி ஒவ்வொரு பிரவுசருக்கும் உரிய நேரத்தில் போய்ச் சேர்வதில்லை என்பதே அனுபவம். ஆகவே ஆயுளைக் குறைத்துவிட்டால், களவுபோன சான்றிதழும் விரைவில் தானே செத்துவிடும் என்பது வல்லுநர் கருத்து.

இக்கருத்துப்படி ஆயுள் படிப்படியாகக் குறைந்துவந்துள்ளது. 2012-இல் உச்சவரம்பு 60 மாதம். 2015-இல் 39 மாதம். 2018-இல் 825 நாள். 2020 செப்டம்பரில் 398 நாள். சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் கூடிய மன்றம் ஒன்று 2025 ஏப்ரலில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. முன்மொழிந்தது ஆப்பிள் நிறுவனம். எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. அதன்படி உச்சவரம்பு 2026 மார்ச் 15 முதல் 200 நாள். 2027 மார்ச் 15 முதல் 100 நாள். 2029 மார்ச் 15 முதல் 47 நாள்.

ஆண்டுக்கு ஒருமுறை செய்த வேலையை இனி ஆண்டுக்கு எட்டு முறையாவது செய்யவேண்டும். நூறு தளங்களை வைத்திருக்கும் அலுவலகத்தில் இதைக் கையால் செய்துமுடிப்பது நடவாத காரியம். இயந்திரம் செய்யட்டும் என்பதுதான் இத்தீர்மானத்தின் உட்கிடக்கை.

மறதியின் விலை

மனிதர் கையில் இருந்தபோது இவ்வேலை எப்படி நடந்தது? சில சான்றுகளைப் பாருங்கள்.

2018 டிசம்பர் 6 அன்று பிரிட்டனில் ஓ2 நிறுவனத்தின் கைபேசி வலையமைப்பில் இணையத் தொடர்பு அறுந்தது. மூன்று கோடிக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அதே நாளில் ஜப்பானில் சாஃப்ட்பேங்க் வலையமைப்பும் தடுமாறியது. இரண்டுக்கும் கருவி வழங்கியது ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனம். அதன் மென்பொருளுக்குள் இருந்த ஒரு சான்றிதழின் கெடு அன்று முடிந்திருந்தது. இஃது இணையதளச் சான்றிதழ் அன்று எனினும், அதே இனத்தைச் சேர்ந்தது.

அமெரிக்காவில் 2018 டிசம்பரிலிருந்து 2019 ஜனவரி வரை, நிதி ஒதுக்கீட்டுத் தகராறு காரணமாக 35 நாள் அரசு அலுவலகங்கள் பல முடங்கின. ஊழியர்கள் வீட்டில் இருந்தனர்; தேதிகள் நிற்கவில்லை. ஜனவரியில் நெட்கிராஃப்ட் நிறுவனம் கணக்கிட்டபோது, 80-க்கும் மேற்பட்ட அரசுச் சான்றிதழ்கள் காலாவதியாகி இருந்தன. நீதித்துறை, நாசா ஆகியவற்றின் சில தளங்களும் அவற்றுள் அடங்கும்.

2020 பிப்ரவரி 3 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் டீம்ஸ் சேவை சில மணி நேரம் நின்றது. காரணம் அதுவே. கோடிக்கணக்கில் பொருள் உள்ள நிறுவனமும் ஒரு தேதியை மறக்கக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இவற்றிலும் கொடியது ஈக்குவிஃபாக்ஸ் என்னும் அமெரிக்கக் கடன்தகவல் நிறுவனத்தில் நடந்தது. அங்கே வெளியே செல்லும் தகவல்களைச் சோதிக்க ஒரு கருவி இருந்தது. அக்கருவிக்குரிய சான்றிதழ் காலாவதியாகி 19 மாதம் ஆகியும் எவரும் கவனிக்கவில்லை. சான்றிதழ் செத்ததால் கருவி குருடாயிற்று. ஆனால் அது குருடாயிற்று என்று சொல்ல எவரும் இல்லை. 2017-இல் திருடர்கள் 76 நாள் உள்ளே இருந்து, 14 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை அள்ளினார்கள். ஜூலை 29 அன்று புதிய சான்றிதழை ஏற்றியவுடனேயே ஐயத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது.

இந்த நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் காலாவதியானது சிறு தவறு. அதைப் பார்ப்பதற்கு ஆள் இல்லாததே பெருந்தவறு.

இயந்திரம் வேலை செய்யும் விதம்

மொசில்லா, எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன், மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்தோர் கூடி ஓர் இலாபநோக்கற்ற அமைப்பைத் தொடங்கினர். அது நடத்தும் லெட்ஸ் என்கிரிப்ட் சேவை தன் முதல் சான்றிதழை 2015 செப்டம்பரில் வழங்கியது. கட்டணம் இல்லை, ஆயுள் 90 நாள். கேட்பதும் தருவதும் கணிப்பொறிகளுக்குள்ளேயே நடக்கும். அதற்கான நடைமுறைக்கு ஆக்மி என்று பெயர். அது 2019 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 8555 என்னும் பொதுத் தரமாக வெளியாயிற்று.

நடைமுறை எளியது. தளத்தின் கணிப்பொறியிலுள்ள ஒரு நிரல், இன்ன பெயருக்குச் சான்றிதழ் வேண்டும் என்று விண்ணப்பிக்கிறது. சான்றிதழ் நிறுவனம் ஊகிக்க முடியாத ஒரு குறியீட்டை அனுப்பி, இதை உன் தளத்தில் இன்ன இடத்தில் வை என்கிறது. நிரல் அப்படியே வைக்கிறது. நிறுவனத்தின் கணிப்பொறிகள் வந்து பார்க்கின்றன. குறியீடு அங்கே இருந்தால், கேட்டவர் கையில்தான் தளம் இருக்கிறது என்பது உறுதியாகிறது. சான்றிதழ் கையொப்பமாகி வருகிறது. செர்ட்பாட் போன்ற நிரல்கள் நாள்தோறும் இருமுறை விழித்து, கெடு நெருங்கிவிட்டதா என்று பார்த்து, நெருங்கினால் புதுப்பித்துவிட்டு மறுபடியும் உறங்கப் போகின்றன.

இதன் பயனைக் குறைத்துச் சொல்லக்கூடாது. 2015 இறுதியில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் திறக்கப்பட்ட பக்கங்களுள் ஏறத்தாழ 40 சதவீதமே பாதுகாப்பான இணைப்பில் வந்தன. இன்று அது 80 சதவீத அளவுக்கு உயர்ந்துவிட்டது. 2020 பிப்ரவரியில் லெட்ஸ் என்கிரிப்ட் தன் நூறு கோடியாவது சான்றிதழை வழங்கியது. பணம் உள்ளவருக்கே பூட்டு என்றிருந்த நிலை மாறி, சிறு நூலகத்துக்கும் பள்ளிக்கும் அதே பூட்டு கிடைத்தது. இஃது அறிவியல் உலகம் பெருமைப்படத்தக்க செயல்.

முதற் குறை: சொல்லாமல் நிற்பது

ஆனால் இயந்திரம் வென்றது சான்றிதழைப் பெறுவதில்தான். தான் தவறிவிட்டதை உரியவருக்குச் சொல்வதில் அது இன்னும் தேரவில்லை.

தவறுவதற்குக் காரணங்கள் பல. தளம் வேறு கணிப்பொறிக்கு மாறும். பழைய கணிப்பொறியில் நிரல் வீணாக ஓடிக்கொண்டிருக்கும். பாதுகாப்புக்காக எவரோ ஒரு வாயிலை அடைப்பார். சான்றிதழ் நிறுவனம் அவ்வழியேதான் வரவேண்டியிருக்கும். இன்னொரு வகைத் தவறு வியப்பானது. நிரல் புதிய சான்றிதழைப் பெற்று வட்டில் சேமித்துவிடும். குறிப்பேட்டில் வெற்றி என்றும் எழுதிவிடும். ஆனால் தளத்தை நடத்தும் மென்பொருள் தொடங்கும்போது படித்த பழைய சான்றிதழையே நினைவில் வைத்திருக்கும். அதை மறுபடி படிக்கச் சொல்லாதவரை, வருவோர்க்கெல்லாம் பழையதையே காட்டும். உள்ளேயிருந்து பார்த்தால் எல்லாம் சரி. வெளியே நிற்பவருக்குக் கதவு அடைப்பு.

முன்பு மனிதர் செய்த வேலையில் ஒரு நாட்குறிப்பாவது இருந்தது. இப்போது எல்லாம் தானே நடக்கும் என்ற நம்பிக்கையில் அந்த நாட்குறிப்பும் போயிற்று. இரண்டாண்டு பழுதின்றி ஓடிய ஒன்றை மூன்றாம் ஆண்டில் எவர் நினைப்பார்? அமைத்தவரே வேறு வேலைக்குப் போயிருப்பார்.

இத்தகைய வேளையில் லெட்ஸ் என்கிரிப்ட் செய்த ஒரு மாற்றத்தை நாம் குறை கூறியே ஆகவேண்டும். கெடு நெருங்கும்போது அது மின்னஞ்சலில் நினைவூட்டி வந்தது. 2025 ஜூன் 4 முதல் அதை நிறுத்திவிட்டது. பெரும்பாலோர் இயந்திர முறைக்கு மாறிவிட்டனர், இலட்சக்கணக்கான முகவரிகளைச் சேர்த்து வைப்பது அந்தரங்கத்துக்கு நல்லதன்று, செலவும் மிகுதி என்று காரணங்கள் கூறியது. காரணங்கள் நியாயமானவையே. ஆனால் பெரிய நிறுவனத்துக்குக் கண்காணிக்கத் தனிக் கருவிகள் இருக்கும். ஒற்றை ஆள் நடத்தும் சிறு தளத்துக்கு வெளியிலிருந்து வந்த ஒரே குரல் அந்த மின்னஞ்சல்தான். மாற்று ஏற்பாடு அவர் கைக்கு எட்டும் முன்னரே அக்குரல் ஓய்ந்தது.

கெடு குறையக் குறைய இக்குறை பெரிதாகும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு மீதி இருக்கும்போது புதுப்பிக்கத் தொடங்குவது வழக்கம் என்று கொள்வோம். 90 நாள் சான்றிதழில் அந்த மீதி 30 நாள். நிரல் தவறினாலும், கண்டுபிடித்துத் திருத்த ஒரு மாதம் உண்டு. 47 நாள் சான்றிதழில் மீதி 16 நாளுக்கும் குறைவு. லெட்ஸ் என்கிரிப்ட் 2025-இல் தொடங்கிய ஆறு நாள் சான்றிதழில் மீதி இரண்டே நாள். ஒரு பண்டிகை விடுமுறைக்குள் தளம் படுத்துவிடும். திருடனுக்குக் கிடைக்கும் காலத்தைக் குறைக்கும் அதே கத்தரி, பழுது பார்ப்பவருக்குக் கிடைக்கும் காலத்தையும் வெட்டுகிறது. 2025 தீர்மானம் ஆயுளை நாள்கணக்கில் வரையறுக்கிறது. தள உரிமையாளரின் காவல் ஏற்பாடு பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இரண்டாம் குறை: எட்டாத இடங்கள்

இயந்திரம் எட்டாத இடங்களும் உண்டு. பழைய அச்சுக் கருவிகள், ஆலைக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் போன்ற பலவற்றில் ஆக்மி நிரல் ஓடாது. அவற்றுக்குள்ளும் சான்றிதழ் உண்டு. ஆள் போய்த்தான் மாற்றவேண்டும்.

பயன்படுத்துவோர் பக்கத்திலும் இச்சிக்கல் உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று, லெட்ஸ் என்கிரிப்ட் தொடக்கத்தில் சார்ந்திருந்த மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியாயிற்று. தளங்கள் தம் சான்றிதழை ஒழுங்காகப் புதுப்பித்திருந்தும், நம்பிக்கைப் பட்டியல் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் சில அவற்றை ஏற்க மறுத்தன. பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்காக அந்நிறுவனம் தனி ஏற்பாடு செய்யவேண்டி வந்தது. புதிய கருவி வாங்க இயலாதவரே இத்தகைய நாளில் முதலில் துன்பப்படுகிறார்.

மூன்றாம் குறை: கம்பியைப் பிடித்தவனே உரிமையாளன்

இயந்திரம் கேட்பது ஒரே கேள்வி: தளம் உன் கையில் இருக்கிறதா? அதற்கு விடை வருவது வலையமைப்பு வழியே. அவ்வழியை மறித்து நிற்பவன், உரிமையாளன் போல விடை சொல்லிவிடலாம் அல்லவா?

சொல்லிவிட்டார்கள். ஜாபர்.ரு என்னும் உரையாடல் சேவையின் கணிப்பொறிகள் ஜெர்மனியில், ஹெட்ஸ்னர், லினோட் ஆகிய நிறுவனங்களின் கூடங்களில் இருந்தன. வழியை மறித்தவர்கள் 2023 ஏப்ரல் முதல் அச்சேவையின் பெயரில் லெட்ஸ் என்கிரிப்ட்டிடம் சான்றிதழ் பெற்று, பயனர்களின் தொடர்பை நடுவில் நின்று படித்தார்கள். அது பிடிபட்டது எவ்வாறு தெரியுமா? 2023 அக்டோபரில் ஒட்டுக்கேட்டவர்களின் சான்றிதழும் காலாவதியாயிற்று! அவர்களும் புதுப்பிக்கத் தவறினார்கள். எச்சரிக்கையைக் கண்ட பின்னரே சேவை நடத்துவோர் விழித்தனர்.

இதில் சிந்திக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிரவுசர்கள் ஏற்கும் சான்றிதழ்கள் யாவும் எவரும் படிக்கத்தக்க பொதுப் பதிவேடுகளில் பதியப்படுகின்றன. அந்தப் போலிச் சான்றிதழ்களும் அவற்றில் மாதக்கணக்கில் இருந்தன. பதிவேடு இருந்தது, படிப்பவர் இல்லை. ஈக்குவிஃபாக்ஸ் நிகழ்ச்சியில் கண்டதையே இங்கும் காண்கிறோம்.

சான்றிதழ் நிறுவனங்கள் வாளாவிருக்கவில்லை. ஒரே இடத்திலிருந்து பார்க்காமல், உலகின் பல இடங்களிலிருந்து பார்த்து விடைகளை ஒப்பிடும் முறையை லெட்ஸ் என்கிரிப்ட் 2020-லேயே கொண்டுவந்தது. 2025-இல் அது எல்லா நிறுவனங்களுக்கும் விதியாயிற்று. தொலைவிலிருந்து வழியைத் திருப்புவோரை இது தடுக்கும். ஆனால் தளத்தின் வாசலிலேயே நின்று மறிப்பவனை இதனால் மட்டும் தடுக்க முடியாது.

என்ன செய்ய வேண்டும்?

கையால் புதுப்பிக்கும் பழைய முறைக்குத் திரும்பவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அது ஓ2 நிகழ்ச்சிக்குத் திரும்புவதாகும். புதுப்பித்தலை இயந்திரத்துக்குக் கொடுங்கள். காவலை அதே இயந்திரத்துக்குக் கொடுக்காதீர்கள் என்பதே நம் கருத்து. கணக்கு எழுதுபவரே தணிக்கையும் செய்யலாமா?

முதலாவதாக, வேறொரு கணிப்பொறி வெளியிலிருந்து, ஒரு பயனர் வருவதுபோலவே தளத்துக்கு வந்து, காட்டப்படும் சான்றிதழின் தேதியை நாள்தோறும் பார்க்கவேண்டும். மீதிக் காலம் புதுப்பிக்கவேண்டிய அளவுக்குக் கீழே போனால் உடனே குரல் கொடுக்கவேண்டும். இதற்குச் சில வரி நிரலே போதும். நிரல் எழுதப் பழகும் மாணவருக்கு இது நல்ல பயிற்சியும் ஆகும். இரண்டாவதாக, தம் பெயரில் எவரேனும் சான்றிதழ் பெற்றுள்ளனரா என்று பொதுப் பதிவேட்டைப் பார்க்கவேண்டும். மூன்றாவதாக, குரல் போய்ச் சேரவேண்டிய இடம் ஒரு பதவியாக இருக்கவேண்டும். தனி ஆளாக இருந்தால், அவர் மாறிப்போனவுடன் குரல் வெற்றறையில் ஒலிக்கும்.

சான்றிதழ் நிறுவனங்களுக்கும் கடமை உண்டு. 2020 பிப்ரவரி 29 அன்று லெட்ஸ் என்கிரிப்ட் தன் மென்பொருளில் ஒரு பிழையைக் கண்டது. 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்களை ஐந்தே நாளில் இரத்துச் செய்யவேண்டியிருந்தது. அவற்றுள் 17 இலட்சத்துக்கும் மேற்பட்டவை விரைவில் மாற்றப்பட்டன. மற்றவற்றையும் அக்கெடுவுக்குள் இரத்துச் செய்தால் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் ஒரே நேரத்தில் செத்து, தளங்கள் பல தடுமாறும் என்று அந்நிறுவனம் அந்த முடிவைக் கைவிட்டது. இப்போது, முன்கூட்டியே புதுப்பித்துக்கொள் என்று நிறுவனம் நிரலுக்குச் செய்தி சொல்லும் முறை ஒன்று வகுக்கப்பட்டு, 2025-இல் பொதுத் தரமாகியுள்ளது. இது நல்ல முன்னேற்றம். ஆனால் உயிரோடு ஓடும் நிரலுக்கே அச்செய்தி போய்ச் சேரும். நின்றுபோன நிரலுக்குச் செவி இல்லை. ஆகவே மனிதருக்கு எட்டும் ஒரு நினைவூட்டலைச் சிறு தளங்களுக்காவது எளிமையாக அமைத்துத் தருதல் வேண்டும்.

வாசகர்களே, உங்கள் பங்கும் ஒன்று உண்டு. பிரவுசரில் முகவரிக்கு அருகிலுள்ள சிறு குறியைத் தொட்டு, சான்றிதழைத் திறந்து பாருங்கள். யார் வழங்கியது, எந்நாள் முதல் எந்நாள் வரை என்பது தெரியும். நாள்தோறும் செல்லும் ஐந்து தளங்களில் பார்த்து எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். எவை தாமே புதுப்பித்துக்கொள்கின்றன என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

எச்சரிக்கை தோன்றினால், பொருட்படுத்தாமல் மேலே செல்லும் பொத்தானை அழுத்தாதீர்கள். புலி வருது, புலி வருது என்று கத்திய சிறுவனின் கதை உங்களுக்குத் தெரியும். மறதியால் எழும் ஒவ்வொரு எச்சரிக்கையும் மக்களை எச்சரிக்கைக்குச் செவி கொடாதவர்களாகப் பழக்குகிறது. உண்மையான புலி வரும் நாளில் அதே திரைதான் தோன்றும். ஒரு தேதியைத் தவறவிடும் அலுவலகம் தன் கதவை மட்டும் அடைத்துக்கொள்ளவில்லை. ஊரார் அனைவருக்கும் உரிய எச்சரிக்கை மணியின் மதிப்பையும் குறைத்துவிடுகிறது.